தகரத்தில் கீறிய பெயர்கள்

போன வாரம் ஆண்டிக்கரடு பீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் வனக்காப்பாளர் போன் செய்தார். "அண்ணே, கரட்டுக்கு அடுத்த பத்து வருஷத் திட்டம் எழுதப்போறோம். கருத்துக் கேட்புக் கூட்டம்னு ரெண்டு தடவை போட்டாச்சு. ஒரு சனம் வரமாட்டேங்குது. போன திட்டத்துக்கு ஊரே வந்துச்சாமே, எப்படிண்ணே வரவச்சீங்க?" என்று கேட்டார்.

எனக்குப் போனில் பேச வராது. நேரிலும் வராது. "எழுதித் தர்றேன் சார்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்புப் படிப்பு. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருமயம் சாலையில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஆண்டிக்கரடு ஒரு மொட்டைப் பாறை. வடக்கு அடிவாரத்துக்குப் போனால்தான் காடு தெரியும். வீரை, உசிலை, காசா, சூரை என்று ஆள் நுழைய முடியாத அடர்த்தி. மேலே பாறை இடுக்கில் ஒரு சுனை. அங்கே நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றும் கூலியாளாகச் சேர்ந்தேன். சில வருஷத்தில் காட்டைக் காவல் பார்க்கும் வாட்சர் ஆக்கினார்கள். முழங்கால் தேய்ந்துபோய், வயது முடியும் முன்னாலேயே வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்ததற்குக் காரணம் ஒன்றுதான். மரம் நம்மிடம் ஊர்ச்சேதி கேட்காது.

ஆனால் வாட்சர் வேலையில் பேசாமல் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருந்தது. அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்போது இருந்த பாரஸ்டர் ஐயா. விறகு பொறுக்க வரும் பெண்களைப் பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று முதல் நாளே சொன்னார்.

"சின்னையா, விறகைத் தொடாதே. ஆளை விட்டுரு. அருவாளை மட்டும் வாங்கிக்க. விறகைப் பிடுங்குனா அவ நம்மளைத் திட்டுவா. அருவாளைப் பிடுங்குனா வீட்டுல அவளைத் திட்டுவாங்க. மறுபடி வரமாட்டா."

அதில் ஒரு முறை இருந்தது. அரிவாளை வாங்க வேண்டும். பேரும் ஊரும் கேட்க வேண்டும். எண்ணெய் டின் வெட்டிய தகரத் துண்டில் ஆணியால் அதைக் கீறி, கம்பியால் பிடியில் கட்ட வேண்டும். பிறகு ஆபீஸ் முன்சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட வேண்டும். அட்டையில் எழுதினால் மழைக்குக் கரைந்துவிடும் என்பதால் தகரம். என் கையெழுத்து உருண்டையாக இருக்கும் என்று கீறுகிற வேலையை எனக்கே கொடுத்துவிட்டார். யார் மீதும் வழக்கு எழுதவில்லை. யாரும் வந்து திருப்பிக் கேட்கவும் இல்லை. அரிவாள்கள் மட்டும் சுவரில் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போயின. பாரஸ்டர் ஐயா மாற்றலாகிப் போன பிறகும் நான் விடவில்லை. சொன்னதைச் செய்து பழகியவனுக்கு நிறுத்தச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது.

அப்படி வாங்கியதில் ஒன்று கரட்டுப்பட்டி அடைக்கியின் அரிவாள்.

வைகாசி வெயில். வடக்கே ஒரு வீரை மரத்தடியில் சுள்ளிக்கட்டைக் கட்டி வைத்துவிட்டு நின்றார். என்னை விட நாலைந்து வயது மூத்தவர். கொஞ்சம் தள்ளி ஆடு மேய்க்கும் பெண்கள் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் என்னைக் கண்டால் ஓடுவார்கள், இல்லை அழுவார்கள், சிலர் என் ஏழு தலைமுறையையும் இழுப்பார்கள். இவர் ஓடவில்லை. நான் கை நீட்டினேன். அரிவாளைத் திருப்பி, வெட்டும் பக்கத்தைத் தன் பக்கம் வைத்து, பிடியை என் கையில் கொடுத்தார். என் கையைக் கீறிவிடக் கூடாதாம்.

"பேரு?"

"அடைக்கி. கரட்டுப்பட்டி. நல்லா எழுதிக்கங்க."

கட்டைப் பார்த்தேன். அதில் ஒரு பச்சைக் குச்சி கிடையாது. எல்லாம் தானாக விழுந்து காய்ந்த சுள்ளி. அது எனக்கு அப்போதே தெரிந்தது. தெரிந்தும் அரிவாளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு அடைக்கி அக்கா கரட்டின் இந்தப் பக்கம் வரவே இல்லை. ஆடுகளைக் கிழக்கே குவாரிப் பாதையில் சுற்றி ஓட்டிக்கொண்டு போய், அந்தப் பக்கமாகச் சுனைக்கு ஏறுவார். பஸ் ஸ்டாப்பில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நானும் திருப்பிக்கொள்வேன். இப்படியே பல வருஷம் போய்விட்டது.

அப்புறம்தான் புதிதாக ஒரு ரேஞ்சர் மேடம் வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். என்னை "சின்னையாண்ணே" என்று கூப்பிடுவார். அவரிடம் சில பழக்கங்கள் உண்டு. யாராவது நின்றுகொண்டு பேசினால் அவரும் எழுந்து நிற்பார், தரையில் உட்கார்ந்து பேசினால் அவரும் தரையில் உட்கார்ந்துவிடுவார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். பேனா பிடிக்க மாட்டார், பென்சில்தான். ஒருவர் சொல்வதை எழுதி முடித்ததும் அவரிடமே படித்துக் காட்டி, "நீங்க சொன்னது இதுதானா?" என்பார். இல்லை என்றால் அழித்துவிட்டுத் திரும்ப எழுதுவார். ஒரு கேள்வி கேட்டுவிட்டால் பதில் வரும் வரை காத்திருப்பார். நமக்குப் பதில் வராவிட்டால் சங்கடப்பட்டு அடுத்த கேள்வி கேட்கிற ஆள் இல்லை. என்னைப் போன்றவனுக்கு அது பெரிய கஷ்டம்.

காட்டைப் பார்த்துக்கொள்வதற்குப் பத்து வருஷத் திட்டம் போட வேண்டும், அதில் ஊர்க்காரர்களையும் கேட்டு எழுத வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வந்தது. மேடம் ரேஷன் கடையிலும் பால் சொசைட்டியிலும் நோட்டீஸ் ஒட்டச் சொன்னார். ஆபீஸ் முன்னால் பந்தல் போட்டோம், நாற்காலி போட்டோம், டீ சொன்னோம். பஞ்சாயத்துத் தலைவர் வந்தார். டீ கொண்டுவந்தவர் வந்தார். அவ்வளவுதான். மத்தியானம் வரை காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

தலைவர், "எங்க சனத்துக்கு அறிவு பத்தாது மேடம்" என்றார்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "சின்னையாண்ணே, நீங்க சொல்லுங்க. ஏன் வரலை?"

நான் தரையைப் பார்த்தேன். மேடம் காத்திருந்தார். டீக்காரர் டம்ளர்களை அடுக்கிக் கட்டி வண்டியில் ஏற்றும் வரை காத்திருந்தார். கடைசியில் நான் வாயால் சொல்லவில்லை. பந்தலுக்குப் பின்னாலிருந்த சுவரைக் கையால் காட்டினேன். முப்பதுக்குக் கிட்ட அரிவாள்கள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. தலைவர் மட்டும் வந்ததில் ஆச்சரியமில்லை. அவர் வீட்டு அரிவாள் அதில் இல்லை.

மேடம் எழுந்து போய் ஒவ்வொரு தகரத்தையும் திருப்பித் திருப்பிப் படித்தார். "இதுல எதுக்காவது கேஸ் இருக்கா?"

"இல்ல மேடம்."

"கேஸ் இல்லாத சாமானை நாம ஏன் வச்சிருக்கோம்?"

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. உடனே அவிழ்த்துக் கொடுத்துவிடவும் இல்லை. பட்டியல் எடுத்து, மேலே கடிதம் எழுதி, திருப்பிக் கொடுக்கலாம் என்று பதில் வரும் வரை பொறுத்தார். அது வந்த பிறகு நான் எல்லாவற்றையும் இறக்கினேன். செங்கல்பொடியும் எண்ணெயும் வைத்து இரண்டு நாள் துரு தேய்த்தேன். சிலது தேய்க்கத் தேய்க்கப் பளபளவென்று வந்தது. சிலது துருவோடு பாதி உதிர்ந்தது. அதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த கூட்டம் கம்மாய்க்கரையில், மருதமரத்து நிழலில் என்று முடிவானது. நோட்டீஸ் ஒட்டவில்லை. காலையில் பால் ஊற்றப் போன என் சம்சாரம், அரிவாள் திருப்பித் தருகிறார்கள் என்று சொசைட்டியில் ஒரு வார்த்தை சொன்னாள். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

நிறையப் பேர் வந்தார்கள். தலைவரைத் தவிர எல்லாம் பெண்கள். மேடம் பட்டியலை என் கையில் கொடுத்து, "எழுதினவர் நீங்க, நீங்களே படிங்க" என்று சொல்லிவிட்டார். அத்தனை பேர் முன்னால் நான் வாயைத் திறந்தது அதுவே முதல் தடவை.

"மீனாட்சி" என்றேன். யாரும் வரவில்லை. "காமாட்சி." யாரும் வரவில்லை. "விசாலாட்சி." அதற்கும் ஆள் இல்லை.

பின்னாலிருந்து ஒரு குரல். "வாச்சரே, அருவாளக் குடுக்க வந்தீங்களா, அம்மன் போற்றி படிக்க வந்தீங்களா?"

கூட்டம் சிரித்தது. அடுத்த பேரைப் படித்தேன். "பொன்னம்மாள்."

தலைவர் துள்ளி எழுந்தார். "அது எங்க ஆத்தா பேரு! எங்க ஆத்தா சாகுற வரைக்கும் காட்டுப்பக்கம் எட்டிப் பாத்ததில்லையே!"

முன்வரிசையில் ஒரு அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு எழுந்தார். "கோவிச்சுக்காதீங்க தலைவரே. உங்க ஆத்தா பேரச் சொன்னா விட்ருவாருன்னு நெனச்சேன். மனுசன் விடலையே."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அத்தனை பேரும் பொய்ப்பேர் சொல்லியிருக்கிறார்கள். நான் இத்தனை வருஷமாக உருண்டையாக, அழகாக, ஒரு சுவர் முழுக்கப் பொய்யைக் கீறி வைத்திருக்கிறேன். மேடம் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த தொப்பி உருண்டு ஓடியது. "பேர் வேணாம்க்கா. அவங்கவங்க அருவாள் அவங்கவங்களுக்குத் தெரியுமில்ல, எடுத்துக்கங்க" என்றார்.

தெரிந்தது. பிடியைக் கையில் வாங்கி ஒரு தடவை அசைத்துப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்கள். ஒரு பெண், "இது எங்க மாமியா அருவா. இதத் தொலைச்சேன்னு சாகுற வரைக்கும் என்னையப் பேசுச்சு" என்று சொல்லி, சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு முகத்தோடு வாங்கிக்கொண்டு போனார். பாரஸ்டர் ஐயா சொன்னபடியே நடந்திருக்கிறது. அந்தப் பெண்ணை வீட்டில் திட்டியிருக்கிறார்கள்.

கடைசியில் ஒரு அரிவாள் மிஞ்சியது. தகரத்தில் அடைக்கி, கரட்டுப்பட்டி என்று இருந்தது.

"அது நெசப்பேருதான். அது வரல" என்றார்கள்.

அதற்கப்புறம் மேடம் பெரிய வரைபடத்தை விரித்து, திட்டத்தில் இருப்பதை ஒவ்வொன்றாகச் சொன்னார். சாலையோரம் மானுக்குத் தண்ணீர்த் தொட்டி. வடக்கு அடிவாரத்தைச் சுற்றிக் குவாரி வரைக்கும் கம்பிவேலி.

"வேலி போட்டா அடைக்கி ஆட்டுக்குத் தண்ணி ஏது?" என்றார் தலைவர் ஆத்தா பேரைச் சொன்ன அம்மா. "சித்திரையில கம்மா காஞ்சிரும். சுனைத் தண்ணிய வச்சுத்தான் அது ஆட்டக் காப்பாத்துது. ஒண்டிக்கட்டை. ஆட்ட வித்துட்டா அதுக்கு வேற என்ன இருக்கு?"

மேடம் பென்சிலைக் கீழே வைத்தார். "அதை அவங்க வந்து சொல்லணும்க்கா. ஒருத்தருக்காக இன்னொருத்தர் சொன்னா நான் எழுத முடியாது. பாதை எங்க போகுதுன்னு எனக்குக் காட்டவும் வேணும். வெள்ளிக்கிழமை இந்தப் படம் மேல போயிரும். போயிட்டா மாத்துறது கஷ்டம்."

அன்று செவ்வாய்.

புதன்கிழமை காலை அரிவாளைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். "ஆட்டுக்காரியப் பாக்கப் போறதுக்கு எதுக்குங்க இப்படி வேர்க்குது?" என்றாள் என் சம்சாரம். அடைக்கி அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தார்.

"என்ன வாச்சரே, இன்னொண்ணு பிடுங்க வந்தீங்களா? வீட்டுல அருவாமணைதான் இருக்கு. அதையும் எடுத்துக்கங்க."

நான் துண்டைப் பிரித்தேன். வெட்டும் பக்கம் என்னைப் பார்க்க, பிடியை அவர் பக்கம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. தகரத்தைப் பார்த்தார்.

"என்ன எழுதியிருக்கு?"

"அடைக்கி, கரட்டுப்பட்டி."

"மத்தவளுக பொய்ப்பேரு சொன்னாளுகளாமே. ஊரே சிரிக்குது."

"நீங்க மட்டும் ஏன்க்கா நெசத்தைச் சொன்னீங்க?"

"களவாண்டவளுக்குத்தானே பொய்ப்பேரு வேணும். நான் காஞ்ச சுள்ளியத்தானே பொறுக்குனேன்."

ஒரு ஆடு என் துண்டின் நுனியைக் கடித்து இழுத்தது. நான் அதை விடுவிக்காமல் பேசினேன். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரியும்.

"காஞ்சதுன்னு எனக்குத் தெரியும்க்கா. அன்னைக்கே தெரியும். தெரிஞ்சுதான் வாங்கிட்டுப் போனேன். தப்பு என்னுதுதான்."

அவர் குழைக்கட்டின் முடிச்சை இழுத்து இறுக்கினார். "இதச் சொல்ல இத்தனை வருஷமாச்சா?"

"எனக்குப் பேச வராதுக்கா."

"அது தெரியுது" என்று சொல்லிவிட்டு, துண்டை ஆட்டின் வாயிலிருந்து பிடுங்கி என் தோளில் போட்டார். முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது மாதிரி இருந்தது. அந்தத் தைரியத்தில் வேலியைப் பற்றிச் சொன்னேன். வெள்ளிக்கிழமையைச் சொன்னேன். சொன்னதை மேடம் திரும்பப் படித்துக் காட்டுவார் என்றும் சொன்னேன்.

"நான் சொன்னா அந்தப் புள்ள எழுதுமா?"

"எழுதுவாங்க. தப்பா இருந்தா அழிச்சிட்டு எழுதுவாங்க."

யோசித்தார். பிறகு, "நாளைக்கு கம்மாக்கரைக்கு வாரேன். இந்த அருவாள இப்ப வாங்கமாட்டேன். பிடுங்குறப்ப நாலு பேரு பாத்தாளுக. குடுக்குறப்பவும் பாக்கட்டும்" என்றார்.

வியாழக்கிழமை மருதமரத்தடியில் அந்த நாலு பேரும் இருந்தார்கள். இன்னும் நாற்பது பேரும் இருந்தார்கள். அடைக்கி அக்கா ஆடுகளோடேயே வந்தார். நான் எழுந்துபோய், பிடியை அவர் பக்கம் வைத்து, அரிவாளைக் கொடுத்தேன். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு என்னவோ கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

மேடம் தரையில் வரைபடத்தை விரித்தார். அக்கா குனிந்து பார்த்தார்.

"என்ன தாயி, கரடு இப்படிப் படுத்துக் கெடக்கு? இங்கிட்டுல்ல இருக்கணும் தலை."

மேடம் வரைபடத்தைத் தூக்கி, எதிரே தெரிந்த கரட்டுக்கு நேராகத் திருப்பிப் போட்டார். அதற்கப்புறம் அக்காவை நிறுத்த முடியவில்லை. கூழாங்கற்களைப் பொறுக்கி ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனார். இது சுனை. இது நான் சுத்தி வார பாதை. இது இந்த வாச்சருக்குப் பயந்து விட்ட பாதை. வேலி போடுங்க, நல்லதுதான், மண் அள்ளுற வண்டி உள்ள வராது. ஆனா இந்த ரெண்டு பாறைக்கு நடுவுல மட்டும் ஒரு ஆள், ஒரு ஆடு போற அளவுக்குச் சந்து விடுங்க.

"ஆடு போனா மானுக்குத் தண்ணி கிடைக்குமாக்கா?" என்று மேடம் கேட்டார்.

"மான் குடிச்ச பெறகுதான் என் ஆடு குடிக்கும். உச்சி வெயில்ல மான் எறங்கும். பாறை நெழலு சுனைமேல விழுகுற வரைக்கும் நான் மேலயே உக்காந்திருப்பேன். அதுக்கு முன்னாடி ஆட்ட விட்டா மான் பயந்து ரோட்டுப் பக்கம் ஓடிரும். ரோட்டுப் பக்கம் போனா நாய் கடிச்சிரும். நீங்க தொட்டி கட்டப்போற எடம் இருக்குல்ல, அங்க மான் வராது தாயி. நாய்தான் வரும்."

மேடம் எழுதிக்கொண்டே இருந்தார். இரண்டு தடவை பென்சில் சீவினார். முடிந்ததும் முழுவதையும் படித்துக் காட்டினார். நிழல் என்ற இடத்தில் அக்கா கையை உயர்த்தி, "சுனை பாதி மறைஞ்சாப் போதும், முழுசா வேணாம்" என்றார். மேடம் அழித்துவிட்டு, பாதி என்று எழுதினார்.

"இப்ப சொன்னவங்க பேர் எழுதணும்க்கா. உங்க பேரு?"

அடைக்கி அக்கா என் பக்கம் கையைக் காட்டினார். "அதான் இந்தத் தம்பி அன்னைக்கே எழுதிட்டாரே."

அரிவாளை இடுப்பிலிருந்து எடுத்து, பிடியை மேடம் பக்கம் நீட்டினார். மேடம் அந்தத் தகரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார்.

சார், நீங்கள் கேட்டதற்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தொட்டியைச் சாலையோரம் கட்டவில்லை. வேலியில் அந்த இரண்டு பாறைக்கு நடுவே இன்றைக்கும் சந்து இருக்கிறது. பழைய திட்டப் புத்தகத்தைப் புரட்டினால் ஆடு எப்போது இறங்கலாம் என்ற வரியும் இருக்கும். உங்கள் ஆபீஸ் சுவரில் இப்போது என்ன தொங்குகிறதோ எனக்குத் தெரியாது. அரிவாளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அதை முதலில் இறக்கிவிடுங்கள். நோட்டீஸை அப்புறம் ஒட்டலாம்.

அடைக்கி அக்காவுக்கு இப்போது வயதாகிவிட்டது. ஆனாலும் நிழல் விழும் நேரத்துக்குச் சுனையில்தான் இருப்பார். போய்ப் பாருங்கள். உட்காரச் சொன்னால் பாறையிலேயே உட்காருங்கள். பேரை மட்டும் கேட்காதீர்கள். தேய்ந்து பாதியாகிவிட்ட அந்த அரிவாள் அவர் இடுப்பில் இருக்கும். தகரத்தை அவர் இன்னும் அவிழ்க்கவில்லை.